ராயப்பனின் இடது கை

அம்மை குத்துகிறவனுக்கு வலது கைதான் முக்கியம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கத்தி அந்தக் கையில்தானே இருக்கிறது. ராயப்பன் மட்டும் இல்லை என்பான். வலது கை வேலையை எந்தக் கழுதையும் செய்யும், இடது கைதான் சம்பளம் வாங்குகிற கை என்று பெண்டாட்டி லூர்துமேரியிடம் பெருமை அடித்துக்கொள்வான். "அப்படின்னா சோத்தையும் அந்தக் கையாலயே துன்னு" என்பாள் அவள்.

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. குழந்தையின் மேல்கையை அடியிலிருந்து இடது கையால் கவ்விப் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம். அப்படிப் பிடித்துச் சதையைப் பின்னால் இழுத்தால் முன்பக்கத்துத் தோல் சுருக்கமில்லாமல் விறைத்து நிற்கும். அதன்மேல் கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு சொட்டு அம்மைப்பாலை ஊதிவிட்டு, பல் வைத்த சின்ன இரும்பை அழுத்தி ஒரு திருகு திருக வேண்டும். இரண்டு இடம், சில சமயம் மூன்று இடம். கீறல் தோலோடு நின்றுவிட வேண்டும். இடம் சிவந்து லேசாக நீர் கசிந்தால் போதும், ரத்தம் வரக்கூடாது. ரத்தம் வந்துவிட்டால் பால் அதோடு சேர்ந்து வழிந்து முழங்கைக்குப் போய்விடும். குழந்தை அழுததுதான் மிச்சம்.

ரத்தம் வராமல் கீறுவது என்றால் என்ன என்று கீறிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். குழந்தைத் தோல் வெங்காயச் சருகு கனம்தான். அது தளர்ந்து கிடந்தால் இரும்பு அதைச் சுருட்டிக் கிழித்துவிடும். இழுத்துப் பிடித்திருந்தால் மேலாக ஓடும். எல்லாம் இடது கையின் புண்ணியம்.

ராயப்பன் கோலியனூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவன். அப்பன் மண்ணாங்கட்டி ஆண்டைமார் நிலத்தில் உழுது செத்தார். பாதிரிச் சாமியார் ஒருவர் தயவில் திண்டிவனம் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தான். பிறகு விழுப்புரம் ஜங்ஷனில் நாலு வருஷம் கரி அள்ளினான். 1933ஆம் வருஷம் அம்மை குத்த ஆள் எடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களில் இந்த வேலைக்கு வர ஆசைப்பட்டவர்கள் குறைவு. சீழும் சிரங்குமாக வீடுவீடாக அலைய யாருக்குப் பிடிக்கும்? அவனுக்குப் பிடித்தது. காக்கிக் கோட்டு கொடுத்தார்கள், பித்தளைப் பொத்தான் வைத்தது.

விழுப்புரத்தில் அவனுக்கு ரயில்வே குடியிருப்புதான் வட்டம். டிரைவர், கார்டு, பாயிண்ட்ஸ்மேன் குடும்பங்கள். அங்கே யாரும் அவன் சாதியைக் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். கேட்டார்கள், ஆனால் ரயில் வருகிற நேரமாகிவிட்டதால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குழந்தையை நீட்டினார்கள், அவன் கையைப் பிடித்தான், கீறினான். எட்டாம் நாள் போய்ப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கைகளில் முத்து மாதிரி கொப்புளம் எழும்பி நிற்கும். அதுதான் கணக்கு. கொப்புளம் எழும்பினால் அந்தக் குழந்தைக்கு வைசூரி வராது. எழும்பாவிட்டால் குத்தாத குழந்தைக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

எட்டாம் நாளில் அவன் இன்னொன்றும் செய்வான். குழந்தையின் கக்கத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பான். நல்லபடியாக எழும்பிய கைகளில் எல்லாம் கக்கத்தில் சின்ன உருண்டையாக நெறி கட்டியிருக்கும். ரத்தம் வந்து கெட்டுப்போன கைகளில் நெறி இருக்காது. இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை, நூறு நூறாகத் தடவிப் பார்த்ததில் விரலே கண்டுகொண்டது. பயிற்சி கொடுத்த டாக்டர், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன, நோயோடு சண்டை போடுகிறவை அவைதான் என்று சொல்லியிருந்தார். ராயப்பனுக்கு அதில் ஒரு சந்தேகம். சண்டைக்காரர்கள் எல்லாரும் ரத்தத்திலேயே இருந்தால், பாலை ரத்தத்தில் கலந்தால் இன்னும் நல்லதாயிற்றே? ஏன் தோலில் நின்றால்தான் எழும்புகிறது? அப்படியென்றால் தோலுக்குள் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். பால் வந்ததும் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். பார்த்துவிட்டுக் கக்கத்துக்குச் சேதி கொண்டுபோகிறார்கள், அங்கே ஆள் திரட்டுகிறார்கள், அதுதான் நெறி. இப்படி அவன் தனக்குத் தானே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டான். எட்டாவது படித்தவனுக்கு இது போதாதா?

1938இல் அவனைத் திண்டிவனம் வட்டத்துக்கு மாற்றினார்கள். ஒலக்கூரைச் சுற்றிப் பதினாறு கிராமம். ஒலக்கூர்ச் சேரியில் குடிசை போட்டுக்கொண்டான். சைக்கிள் ஒன்று வாங்கினான். கிராமத்து எல்லை வந்ததும் இறங்கிவிடுவான். செருப்பைக் கழற்றி ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு, ஊர்த்தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவான். சர்க்கார் கோட்டு போட்ட ஆள் சர்க்கார் வேலைக்காக வெறுங்காலோடு நடந்து போகிற அழகை அந்தத் தெருக்கள் பன்னிரண்டு மாதமும் பார்த்தன. யாருக்கும் அதில் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஊருக்குள் குழந்தையைத் தொடக்கூடாது. இரும்பு படலாம், ஏனென்றால் இரும்பை நெருப்பில் காட்டிவிடுகிறார்கள். விரல் படக்கூடாது, விரலை நெருப்பில் காட்ட முடியாதே. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அம்மாக்காரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கையை நீட்டிப் பிடிப்பாள். ராயப்பன் எட்ட உட்கார்ந்து, தன் கை அவள் கையிலும் படாமல், குழந்தை மேலும் படாமல், கத்தியை மட்டும் நீட்டித் திருக வேண்டும். அம்மாக்காரிக்கு மணிக்கட்டைப் பிடிக்கத்தான் தெரியும். மேல்கைத் தோல் தளதளவென்று கிடக்கும். குழந்தை திமிறும். ரத்தம் வழியும். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

எட்டாம் நாள் போனால் பத்துக் கையில் நாலு கை எழும்பியிருந்தால் பெரிது. அதே நாள், அதே குழாயிலிருந்து, ஈர மணல் பானையில் வைத்து எடுத்துப்போன அதே பாலைச் சேரியில் போட்டிருப்பான். அங்கே பத்துக்குப் பத்தும் எழும்பியிருக்கும். ஊர்க்காரர்கள் இதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். சேரிப் பிள்ளைகள் எருமைத் தோல், அதனால் ஏறுகிறது, நம் பிள்ளைகள் உடம்பு வேறு.

ராயப்பன் ஒருதரம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஹெல்த் இன்ஸ்பெக்டர் விருத்தாசலத்திடம் போய்ச் சொன்னான்.

"பால்ல கோளாறு இல்லைங்க. தோல்ல நிக்கணும், நிக்கலை. நான் கையைப் புடிச்சாதாங்க நிக்கும். தோலுக்குள்ள இருக்கறவங்க பாத்துட்டுக் கக்கத்துக்குச் சேதி சொல்றாங்க. ரத்தத்துல வழிஞ்சிட்டா அவங்க கண்ணுல படறதே இல்லைங்க."

விருத்தாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஊர்ச்சண்டை தன் வட்டத்தில் வரக்கூடாது என்று நினைக்கிற ஆள், அவ்வளவுதான்.

"யாரு இருக்காங்க தோலுக்குள்ள? உங்க சித்தப்பாவா?" என்றார். "இதோ பாரு ராயப்பா. அவங்க வழக்கத்துல நீயும் நானும் தலையிட முடியாது. ஒரு கீறல் போடற எடத்துல மூணு போடு. ரிஜிஸ்தர்ல தொண்ணூறுக்குக் கொறைஞ்சா எனக்கு மெமோ வரும். எனக்கு வந்தா உனக்கு வேலை இருக்காது. எழும்பிச்சுன்னு எழுதிக்கினு போ."

எழுதினான். இதை மறைத்துச் சொல்வதற்கு எனக்கு மனசு வரவில்லை. ஏழு வருஷம் எழுதினான். எழும்பாத கைகளுக்கெல்லாம் நேராக அழகான கையெழுத்தில் 'எழும்பியது' என்று எழுதினான். மிஷன் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன்.

ஒலக்கூருக்குத் தெற்கே ஒரு ஊர். அங்கே இருக்கிறவர்களின் பேரப்பிள்ளைகள் நல்லவர்களாக இருக்கலாம், பேர் வேண்டாம். அங்கே துரைக்கண்ணு என்று ஒரு பெரிய குடித்தனக்காரர். அவர் மனைவி முனியம்மாள். முதல் இரண்டும் ஆண்பிள்ளைகள். ராயப்பன் அந்தப் பக்கம் வருவதற்கு முந்தின வருஷம் இரண்டும் ஒரே வாரத்தில் வைசூரியில் போய்விட்டன. பிறகு 1940இல் ஒரு பெண் பிறந்தது, பொன்னி. வேறு குழந்தை இல்லை, இனிமேல் பிறக்காது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும். முனியம்மாளுக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

மற்ற வீடுகளில் ராயப்பனைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள், பிள்ளையைக் குதிருக்குப் பின்னால் ஒளிப்பார்கள். முனியம்மாள் தானே வாசலில் காத்திருந்து கூப்பிட்டாள். குழந்தைக்கு ஒரு வயது. மடியில் போட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். துரைக்கண்ணு பக்கத்தில் நின்று, இருவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கீறல், மூன்றிலும் ரத்தம். எட்டாம் நாள் கையில் காய்ந்த கோடுகள்தான் இருந்தன.

"கக்கத்துல நெறி கட்டிச்சாம்மா?" என்று ராயப்பன் கேட்டான். அவன் தொட்டுப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். முனியம்மாள் தடவிப் பார்த்தாள். "ஒண்ணும் காணோமே."

அடுத்த வருஷம் அவன் ஒரு யோசனை சொன்னான். ஈரத் துணியைக் குழந்தையின் மேல்கையில் சுற்றி, பின்பக்கமாக முறுக்கிப் பிடித்தால் முன்பக்கத் தோல் இழுபடும். வீட்டில் லூர்துமேரியின் கையில் கட்டிப் பார்த்திருந்தான், பெரியவர்கள் கையில் சரியாகத்தான் வந்தது. குழந்தைக் கையில் துணி முறுக்க முறுக்க ரத்தம் கட்டிக் கை செக்கச் சிவந்துவிட்டது. இரும்பு பட்டதும் முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. துரைக்கண்ணு துணியைப் பிடுங்கி எறிந்தார். "வேலை தெரியாதவனை எல்லாம் அனுப்பறான் சர்க்கார்ல" என்றார். ராயப்பனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் நாலு நாள் உள்ளுக்குள் அறுத்தது. வேலை தெரியாதவனாம்.

முனியம்மாள் அத்தோடு விடவில்லை. அவள் நிலத்தில் வேலை செய்ய வருகிற சேரிப் பெண்களின் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கையைப் பார்த்தாள். எல்லாக் கையிலும் வட்டமாக, அழுத்தி வைத்த காசு மாதிரி தழும்பு. எப்படிக் குத்தினான், எங்கே பிடித்தான் என்று கேட்டாள். அவர்கள் காட்டினார்கள். அவளுக்குப் புரிந்துபோயிற்று.

1943 ஆவணி மாதம், மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிக்குக் களை எடுப்பு. உச்சிவேளை. ராயப்பன் வரப்போரமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது முனியம்மாள் பொன்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள்.

"பால் வச்சிருக்கியா?"

"இருக்குதும்மா."

"நீயே புடிச்சிக் குத்து."

ராயப்பனுக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. அவள் குழந்தையின் சட்டைக் கையை மேலே சுருட்டிக் கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆண்டைக்குத் தெரிஞ்சா..."

"அவரு திண்டிவனம் சந்தைக்குப் போயிருக்காரு. இங்க யாரு பாக்கறாங்க?"

"களை எடுக்கற பொம்பளைங்க பத்துப் பேரு பாத்துக்கினு இருக்காங்கம்மா."

"அவங்க உங்க ஜனம்தானே?"

"பசிச்ச ஜனம்மா. ஒருத்தி வாய்ல ஒரு வார்த்தை வந்தாப் போதும். எனக்குன்னா பரவாயில்லை. சேரியே எரியும்."

அது வெறும் பயமில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் பக்கத்து ஊரில், சேரியிலிருந்து போன வாத்தியார் ஒருவர் கணக்குத் தப்பாகப் போட்ட குடித்தனக்காரர் மகனின் காதைத் திருகினார். அன்று சாயங்காலம் பதினோரு குடிசை எரிந்தது. ராயப்பன்தான் போய்த் தீப்புண்ணுக்கு மருந்து போட்டான்.

பொன்னி அவன் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பிடிக்கக் கையை நீட்டினாள். குழந்தையின் விரல் பட்டுவிடப்போகிறதே என்று ராயப்பன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். நகர்ந்துவிட்டோம் என்பது நகர்ந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. அவ்வளவு பழகிப்போயிருந்தது.

"அடுத்த மொறை பாக்கலாம்மா" என்றான்.

"ரெண்டு மொறை பாத்தாச்சே" என்றாள் முனியம்மாள்.

அவன் சைக்கிளைத் திருப்பினான். அவளும் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். ஒரு நிமிஷ வேலை. இடது கையால் ஒரு பிடி, வலது கையால் ஒரு திருகு. வீட்டுக்குப் போனதும் லூர்துமேரியிடம் சொன்னான். அவள் எழுந்து கதவைத் தாழ் போட்டாள். பிறகு "நல்ல வேளை தொடலை" என்றாள். நம் இரண்டு பிள்ளைகள் உள்ளே தூங்குகிறார்கள் என்றாள். யாரைக் குற்றம் சொல்வது?

மறு வருஷம் மாசியில் வைசூரி வந்தது. சண்டைக் காலம். ரயிலில் பட்டாளத்துக்காரர்களும் பர்மாவிலிருந்து ஓடிவந்தவர்களுமாகக் கூட்டம். எந்த ரயிலில் வந்ததோ தெரியாது, திண்டிவனத்தில் முதலில் கண்டது. பிறகு ஒலக்கூர், பிறகு தெற்கே. ஊர்த்தெருவில் வீட்டுக்கு வீடு வேப்பிலை செருகினார்கள். ஆத்தா விளையாடுகிறாள் என்றார்கள். சேரிக்குள் ஆத்தா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு குழந்தைக்கும் ஒரு கொப்புளம் கிடையாது. இதற்குக் காரணம் தெரிந்த ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவில் நடந்துகொண்டிருந்தான். ரிஜிஸ்தர்படி ஊர்ப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு வைசூரி வரவே கூடாது.

பொன்னிக்கு அம்மை போட்டிருப்பது அவனுக்கு ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. அவன் அந்த வீட்டின் கொல்லைப்பக்கம் போனபோது முனியம்மாள் வேலிக்கு அந்தாண்டை வந்து நின்றாள். தலை வாரி எத்தனை நாளாயிற்றோ.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெஜத்தைச் சொல்லு" என்றாள். "அன்னைக்கு நீ கையைப் புடிச்சிக் குத்தியிருந்தா எழும்பியிருக்குமா?"

ராயப்பன் பொய் சொல்லலாம் என்று பார்த்தான். விதி என்று சொல்லலாம், ஆத்தா மனசு என்று சொல்லலாம். ரிஜிஸ்தரில் எழுதுகிற கைக்குப் பொய் வந்தது, வாய்க்கு வரவில்லை.

"எழும்பியிருக்கும்மா."

"இது வந்திருக்காதா?"

"வந்திருக்காதும்மா."

அவள் தலையை ஆட்டினாள். கோபப்பட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் போலிருந்தது. "நான் கட்டாயப்படுத்தியிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். "புள்ளையை உன் கையில போட்டுட்டு நின்னிருந்தா நீ கீழ போட்டிருக்க மாட்டே." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் காலையில் பொன்னி செத்துப்போனாள். நாலு வயது முடியவில்லை.

அன்றைக்கு அந்த ஊரில் அது மூன்றாவது சாவு. வெட்டியான் ஏரிக்கரை ஓரம் குழி தோண்டிக்கொண்டிருந்தான். துரைக்கண்ணு திண்ணமான ஆள், ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போக முடியாமல் நின்றார். அவருக்கு அம்மை குத்தியதே இல்லை. தம்பி மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான், அவன் பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள். பங்காளிகள் ஒருவரும் வரவில்லை. ராயப்பன் தெருக்கோடியில் நிற்பதை அவர் பார்த்தார்.

"ஏ ராயப்பா. உனக்குத்தான் ஒட்டாதே. வந்து தூக்கு."

அவன் பின்பக்கமாகப் போகப் பார்த்தான். "வாசல் வழியா வா" என்றார் துரைக்கண்ணு.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் போனான். முனியம்மாள் பழந்துணியால் குழந்தையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் முழங்கை அவள் மணிக்கட்டில் பட்டது. துரைக்கண்ணு பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒதுங்கி வழி விட்டார். ஊர்த்தெருவின் நடுவில், பட்டப்பகலில், சேரிக்காரன் ஒருவன் குடித்தனக்காரர் வீட்டுப் பெண்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து போனான். ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. குழந்தை கனமே இல்லை. நடக்க நடக்க அவனுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை, அப்படியே நடந்தான்.

அந்த மாசியிலும் பங்குனியிலும் அந்த ஊரில் பதினேழு பிள்ளைகள் போயின. அதற்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த தை மாதம் ராயப்பன் போனபோது யாரும் கதவைச் சாத்தவில்லை. பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவந்து உட்கார்த்தினார்கள். துரைக்கண்ணுவே முன்னால் நின்று ஒவ்வொரு வீடாக ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவர் தம்பிக்கு ஆண்குழந்தை பிறந்திருந்தது, ஆறு மாசம். அந்த வீட்டுக்கு இனி அதுதான் வாரிசு. பெற்றவளுக்குப் பயம், அதனால் முனியம்மாள்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ராயப்பன் வழக்கமான தூரத்தில் உட்கார்ந்து விளக்கைக் கொளுத்தினான். இரும்பை நெருப்பில் காட்டினான். பிறகு, பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தான். நிமிர்ந்து பார்த்துப் பேசினான்.

"ஆண்டே, ஒரு வார்த்தை. கொழந்தை கையை நான் புடிச்சாதாங்க பால் தோல்ல நிக்கும். இப்படிக் குத்தினா பிரயோஜனம் இல்லைங்க. ஏழு வருஷமா பாத்துக்கினு இருக்கேன்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துரைக்கண்ணு கோபப்படவில்லை. விளக்கம் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

"அது ஆவாதுப்பா. நீ எட்ட இருந்தே குத்து."

"பொண்ணை அவருதானே தூக்கிக்கினு போனாரு" என்றாள் முனியம்மாள். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள். ஊரில் ஒருவரும் ராயப்பனை அதுவரை 'அவரு' என்று சொன்னதில்லை.

"அது பொணம்" என்றார் துரைக்கண்ணு. "இது கொழந்தை."

முனியம்மாள் குழந்தையின் மேல்கையை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து, சேரிப் பெண்கள் காட்டியபடி பின்னால் இழுத்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் பழகாத கை. பிடி ஒரு பக்கம் வந்தால் மறுபக்கம் நழுவியது. ராயப்பன் பிடி நிற்கட்டும் என்று காத்திருந்தான். நிற்கவில்லை. குழந்தை வீறிட ஆரம்பித்தது, பின்னால் இருந்தவர்கள் ஜல்தி ஆகட்டும் என்றார்கள். திருகினான். முதல் கீறலிலேயே ரத்தம் வந்தது.

எட்டாம் நாள் அவன் போனபோது துரைக்கண்ணு கழனிக்குப் போயிருந்தார். முனியம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து கையைக் காட்டினாள். மூன்று காய்ந்த கோடு.

"கக்கத்துல பாத்துட்டேன்" என்றாள். "நெறி இல்லை."

ராயப்பன் ரிஜிஸ்தரைத் திறந்து, சைக்கிள் சீட்டின் மேல் வைத்து எழுதினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுதி முடிக்கிற வரைக்கும் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா எழுதினே?"

"எழும்பிடுச்சின்னும்மா."

முனியம்மாள் குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டாள்.

"சரி" என்றாள். "அடுத்த வூட்டுக்குப் போ."